யார் பிள்ளைக்குக் காய்ச்சல்?

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அனுப்பிய முதல் செய்திக்கு, மூன்று தாய்மார் மலையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்கள். இரண்டாவது செய்திக்கு ஒருவர் மட்டும் வந்தார். அவருடைய பிள்ளை தொட்டிலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை வந்தவள் என் அக்கா. அவள் மகள் வாசலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாளாம்.

இந்தச் செய்திகள் போகும் செயலியின் திரைகளை அமைத்தவள் நான். அதனால் ஒவ்வொரு முறையும் பிள்ளைக்காம்பரா மிஸ் என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்.

பிள்ளைக்காம்பரா என்றால், தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் தங்கள் சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். எங்கள் தோட்டத்தில் அது நாங்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே, ஆற்றோரமாக இருக்கிறது. மலையோ மேலே, ஏறி முடிக்க முக்கால் மணி நேரம் வேண்டும். ஒரு பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனால், கொழுந்து லொறி மேலே போகும்வரை மிஸ் காத்திருந்து டிரைவரிடம் சொல்லிவிடுவார். அழைப்பு எடுத்தால் பாதியில் அறுந்துவிடும். செய்தி மட்டும் எப்படியாவது நுழைந்துவிடும். அதனால்தான் இந்தச் செயலி. பதுளையில் நான் வேலை செய்யும் சின்ன நிறுவனத்துக்கு இந்த வேலை வந்தபோது, சோதனைக்கு எங்கள் தோட்டத்தையே எடுக்கலாம் என்று சொன்னது நான்தான். ஒரு மாதம் பார்ப்பது, பிறகு தாய்மார் கூடி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது என்று ஏற்பாடு.

நான் அவ்வளவு அவசரப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அக்காவின் மகளுக்கு இரண்டரை வயது. காய்ச்சல் ஏறினால் இழுப்பு வரும், கை கால் வெட்டும். போன வருடம் ஒரு முறை வந்தது. அன்று லொறி டிரைவர் சொல்ல மறந்துவிட்டார். அக்காவுக்குத் தெரியும்போது பிள்ளையை டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தும்விட்டார்கள். இனி ஒரு முறை அப்படி நடக்கக் கூடாது என்பது அக்காவுக்கு எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு எனக்கும் வேண்டியிருந்தது.

இன்னொரு காரணத்தையும் மறைக்க விரும்பவில்லை. எங்கள் அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். அக்கா மூன்றாம் ஆண்டோடு நின்றுவிட்டாள். உயர்தரம் படித்து, அதற்கு மேல் கம்ப்யூட்டர் டிப்ளோமாவும் முடித்தவள் நான் ஒருத்திதான். ஒரு நாள்கூடக் கொழுந்துக் கூடையைத் தூக்கியதில்லை. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன். என் வேலை எங்கள் மலையிலேயே, எங்கள் பெண்களின் கையிலேயே இருக்கப்போகிறது என்று நினைக்க எனக்கு நன்றாக இருந்தது.

முதல் நாள் மிஸ் கேட்டார். "தங்கச்சி, நீங்க எல்லாருக்கும் அனுப்பிட்டீங்களா? மூணு பேரு மூச்சு வாங்க நிக்கிறாங்க. எந்தப் புள்ளைக்குன்னு ஆளுக்கு ஆள் சண்ட போடுறாங்க."

"இல்ல மிஸ், ஒருத்தருக்குத்தான் போயிருக்கு."

"அப்ப மத்த ரெண்டு பேரும் கனவா கண்டாங்க?"

நான் போய் விசாரித்தேன். எங்கள் அலுவலகத்தில் செய்திகளை அனுப்பும் பகுதியைப் பார்த்துக்கொள்பவர் ஒரு அண்ணன். அவர் பதிவைத் திறந்து காட்டினார். ஒரு செய்தி, ஒரு எண். அந்த எண்ணின் சொந்தக்காரி அந்தப் பிள்ளையின் தாய்தான். எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவது முறையும் தவறியபோது, பதிவு தப்பாகக் காட்டுகிறது என்று நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"நான் அனுப்புறது ஒரு நம்பருக்குத்தான் தங்கச்சி. அங்க போய் எப்படித் தெரியுதுன்னு நீங்கதான் பாக்கணும்" என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்தது. என் மேசை இழுப்பறையில் ஆறு போன்கள் உண்டு. சின்னது, பெரியது, அகலமானது, கண்ணாடி வெடித்தது என்று விதவிதமாகச் சேர்த்து வைத்திருந்தேன். என் வேலையே அதுதான். ஒரே செய்தி எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி உட்காராது. சின்னத் திரையில் எழுத்து நெருக்கும், பெரிய திரையில் வெறிச்சென்று கிடக்கும். ஒவ்வொரு அளவுக்கும் எது மேலே வரவேண்டும், எது கீழே இறங்கவேண்டும், இடம் போதாவிட்டால் எது இல்லாமல் போகலாம் என்று நான் முடிவு செய்கிறேன். கணினியில் திரையின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, ஒடுக்கி, விரித்துப் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. ஆறு போன்களையும் அவர் மேசையில் வரிசையாகச் சுவரில் சாய்த்து நிறுத்தி, சோதனைச் செய்தி அனுப்பினேன். ஆறிலும் மேலே பச்சைப் பட்டையில் பிள்ளையின் பெயர் வந்தது. அதற்குக் கீழே, 'உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல். வந்து கூட்டிச் செல்லவும்.' அதற்கும் கீழே 'வருகிறேன்' என்று ஒரு பொத்தான்.

"இதுல என்ன பிழை, சொல்லுங்க" என்றேன்.

அவர் ஆறையும் பார்த்தார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. தேநீர்கூட வேறு வேறு நேரத்தில் குடித்தோம்.

மூன்றாவது முறை அக்கா இறங்கி வந்தாள் என்று கேள்விப்பட்டதும், சனிக்கிழமை பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். பசறை தாண்டிய வளைவுகளில் எல்லாம் நான் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். போனதும் அக்காவின் போனை வாங்கிப் பார்த்தேன். அதில் செய்தியே இல்லை. எந்தச் செய்தியும் வந்திருக்கவில்லை.

"உனக்கு ஒண்ணும் வரலியே அக்கா."

"வந்துச்சு. நான்தானே பாத்தேன். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல்னு போட்டிருந்துச்சு."

"மேல பேரு இருந்திருக்குமே?"

"பேரெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பேரு இல்லாம வராது அக்கா. நான்தானே செஞ்சேன்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய் சொல்றேன்னு சொல்லல. நீ சரியா வாசிச்சிருக்க மாட்ட. பச்சையில இருக்கிறத விட்டுட்டுக் கீழ மட்டும் வாசிச்சிருப்ப."

அக்கா மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ படிச்சவ. எனக்கு வாசிக்கத் தெரியாது. அதானே சொல்ல வாற? நேராச் சொல்லிட்டுப் போ."

நான் அதைச் சொல்லவில்லை என்றேன். ஆனால் அதைத்தான் சொன்னேன். அக்கா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், மெதுவாக, உதடு அசைய. அவள் மீது பழி போட அது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் திரும்பிப் போகும்போது அதுவும் சரியாகப் பொருந்தவில்லை. வாசிக்கத் தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும், வராத செய்தியை அவள் எப்படி வாசித்தாள்? அண்ணனின் பதிவும் சரி, என் திரையும் சரி, அக்காவும் பொய் சொல்கிற ஆள் இல்லை. மூன்றும் உண்மை என்றால் நடந்தது நடந்திருக்க முடியாது. எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் இதே இடத்தில் வந்து நின்றது. நான் படித்த படிப்பில் இப்படி ஒரு கணக்கு வந்ததில்லை.

அடுத்த புதன்கிழமை காலை பத்தரைக்கு மிஸ் அனுப்பிய செய்தி அக்காவுக்கானது. இந்த முறை காய்ச்சல் அக்கா மகளுக்குத்தான்.

அக்கா வரவில்லை.

செய்தி போய்ச் சேர்ந்தது என்று பதிவு காட்டியது. மிஸ் மறுபடியும் அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "அக்காவ எப்படியாவது கூப்பிடுங்க தங்கச்சி, ஒடம்பு கொதிக்குது." நான் பதுளையிலிருந்து பன்னிரண்டு முறை அழைத்தேன். ஒன்றும் போகவில்லை. மிஸ் துணியை நனைத்துப் பிள்ளையின் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு ஆட்டோவை நிறுத்தித் தானே தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனார். இழுப்பு வரவில்லை. காய்ச்சல் இறங்கியது. கொழுந்து நிறுக்க இறங்கிய பிறகுதான் அக்காவுக்கு விஷயமே தெரிந்திருக்கிறது.

மாலையில் அவள் எனக்கு அழைத்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். குரல் அமைதியாக இருந்தது.

"மெசேஜ் வந்தது தெரியும். பக்கத்துல நின்னவ வாசிச்சா. உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலாம்ல, யாரு ஓடப் போறீங்கன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்."

"ஏன் அக்கா?"

"போன தடவ ஓடிப்போய்ட்டுத் திரும்பி ஏறி வந்தேனே, அப்ப என்னயப் பாத்துச் சிரிச்சாங்க. அன்னைக்கு எனக்கு அரைப் பேருதான் போட்டாங்க, அரை நாள் சம்பளந்தான். அதான் இருந்துட்டேன்."

பக்கத்தில் நின்றவள் ஏன் அக்காவின் செய்தியை வாசித்தாள் என்று அப்போதும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அக்கா சிரித்தாள் என்ற இடத்திலேயே என் மனம் நின்றுவிட்டது.

மறுநாளைக்கு மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலையிலேயே பெரட்டுக் களத்துக்குப் போனேன். ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும் இடம் அது. கங்காணி என்னைப் பார்த்ததும், "ஆகா, கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்கும் இன்னைக்கு ஒரு பேரு போடட்டுமா?" என்றார்.

"கூட எங்க பாப்பா? கையில கொழுந்து கிள்ளிப் பையிலயா போடப் போற?" என்றாள் ஒரு பெண்.

"அது கொழுந்தக் கண்ணால பாத்தே கிள்ளிரும். படிச்ச புள்ளல்ல" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் வழுக்கிக்கொண்டு போனேன்.

மலையில் ஒரு திருப்பத்தில் நிழல் மரம் ஒன்று நின்றது. அதன் தாழ்ந்த கிளையில் உள்ளே இருப்பது தெரியும் தடித்த சொப்பிங் பேக் ஒன்றை ஒரு பெண் மாட்டினாள். ஒவ்வொருத்தியாக வந்து தன் போனை அதற்குள் வைத்துவிட்டுப் போனாள். புத்தகங்களை அடுக்குவது போல, நீளப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றோடு ஒன்று சாய்த்து.

"இது என்ன?" என்றேன்.

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். "என்னன்னா? போன்தான். கொழுந்து எடுக்கையில கையில போன் இருந்தாக் கங்காணி ஏசுவாரு. இந்த மரத்துக்கிட்டதான் சிக்னலும் இருக்கு. அந்தப் பக்கம் ஒரு கோடும் வராது."

"யாருக்கு வந்தாலும் எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டா, மரத்துக்குக் கிட்ட நிக்கிறவ எட்டிப் பாத்துக் கத்துவா."

பையில் இருந்த ஏழு போன்களில், அக்காவுடையதும் சேர்த்து, நான்கு ஒரே மாதிரியானவை. பசறையில் ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை. மணிச்சத்தமும் ஒன்றுதான்.

சோதனைச் செய்தி ஒன்று அனுப்பச் சொல்லி நான் மிஸ்ஸுக்கு எழுதினேன். கொஞ்ச நேரத்தில் பைக்குள் மணி அடித்தது. கிட்டே நின்ற பெண் வந்து பையோடு திருப்பிப் பார்த்தாள். போனை வெளியே எடுக்கவில்லை.

"எடுத்துப் பாருங்கக்கா" என்றேன்.

"கையப் பாத்தியா?" விரித்துக் காட்டினாள். விரல்கள் எல்லாம் கொழுந்துக் கறை, பனி ஈரம். "இதோட தொட்டா அந்தக் கண்ணாடி கண்டபடி ஓடும்." பிறகு பிளாஸ்டிக் ஊடாக உரக்க வாசித்தாள். "உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல். வந்து கூட்டிச் செல்லவும்."

"யார் புள்ளைக்கு?" என்று மேலேயிருந்து ஒரு குரல்.

"உங்கள் பிள்ளைக்காம்!"

சிரிப்பு எழுந்தது. நான் பையை எட்டிப் பார்த்தேன். ஒளிர்ந்த போன் குறுக்காகப் படுத்திருந்தது. போன் படுத்ததால் திரையும் தானாகத் திரும்பிக் குறுக்காக விரிந்திருந்தது. செய்தி இருந்தது, பொத்தான் இருந்தது. பச்சைப் பட்டை இல்லை. பெயர் இல்லை. போனை வெளியே எடுத்து நேராகப் பிடித்தேன். பெயர் வந்தது. படுக்கவைத்தேன். போனது. மூன்று நான்கு முறை அப்படியே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதைச் செய்தவள் நான்தான். போன் குறுக்காக இருக்கும்போது அகலம் தாராளமாகக் கிடைக்கும், உயரம் பாதியாகிவிடும். அந்தக் குறைந்த உயரத்துக்குள் 'வருகிறேன்' பொத்தான் அடங்கவில்லை. அது தெரியாவிட்டால் யாரும் அழுத்த மாட்டார்கள் என்று, உயரம் குறையும் திரைகளில் பெயர்ப் பட்டையை மறைத்துவிட்டேன். குறுக்காகப் பிடித்துச் செய்தி வாசிப்பவர் யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். தாய்க்குத் தன் பிள்ளையைத் தெரியாதா என்றும் நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் எடுத்த முடிவு. அண்ணனிடம் ஆறு போன்களையும் நேராக நிறுத்தியே காட்டியிருக்கிறேன்.

அந்தப் பொத்தானை இந்த மலையில் யாரும் ஒரு முறைகூட அழுத்தியதில்லை.

அக்காவிடம் சொன்னேன். "அக்கா, பேரு இல்லதான். நீ சரியாத்தான் வாசிச்சிருக்க. பிழை என்னோடது."

"ம்" என்றாள். கை கொழுந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பிழை தெரிந்துவிட்டது, இனிக் குழப்பம் தீரும் என்று நினைத்தேன். கூடியது. குறுக்குத் திரையில் பொத்தானை எடுத்துவிட்டுப் பெயரைப் பெரிதாகப் போடுகிறேன் என்று பெண்களிடம் சொன்னேன். பையோடு பார்த்தாலும் தெரியும்படி.

"போடு. ஆனா என்னா வருத்தம், என்னா நோயின்னு போடாத" என்றாள் ஒருத்தி. "எம் பயலுக்கு வயித்தால போறத இவ இந்த மல முழுக்கக் கத்துவா."

"பேன் இருந்தாலும் கத்துவேன்" என்றாள் வாசித்த பெண்.

"வருத்தம் போடலன்னா ஓடணுமா நடக்கணுமான்னு எப்படித் தெரியும்?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"புள்ள பேரு சொல்லிக் கத்துனா எனக்கு வெளங்காது. எம் பேரப் போடு."

அக்கா மட்டும் கடைசியில், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள். "இழுப்புன்னு எங்கயும் போட்டுறாத. நாளைக்கு அவ பள்ளிக்கொடம் போகணும்."

நான் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். எழுத எழுத ஒன்றுக்கொன்று இடித்தன. அலுவலகப் படிவத்தில் 'இதைப் பயன்படுத்துபவர் யார்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'தாய்' என்று நிரப்பியிருந்தேன். இங்கே வாசிப்பவள் ஒருத்தி, கேட்பவர்கள் எல்லாரும், ஓடுபவள் இன்னொருத்தி. நான் திரையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் விதி எழுதத் தெரிந்தவள். ஒரு செய்தியை யார் காதில் விழச் செய்வது, யார் காதில் விழாமல் காப்பது என்பதற்கு எனக்கு விதி தெரியவில்லை. இப்போதும் முழுதாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை அலுவலகம் போய் அண்ணனிடம் பிழை என்னுடையது என்று சொன்னேன். அவர் ஒரு போனை எடுத்து மேசையில் குறுக்காகப் படுக்கவைத்துப் பார்த்தார்.

"அட, இவ்வளவுதானா? நான் அந்த ரெண்டு நாளும் என் பக்கத்தத் தோண்டிக்கிட்டுக் கெடந்தேன்."

"மன்னிச்சிருங்கண்ணா."

"மன்னிக்கிறது இருக்கட்டும். இனி ஆறையும் படுக்கப் போட்டும் காட்டுங்க."

கடைசியில், குறுக்குத் திரையில் தாயின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் வந்தது. அதன் பக்கத்தில் அவசரம் என்றால் சிவப்பு, இல்லையென்றால் மஞ்சள். என்ன வருத்தம் என்பதை நேராகப் பிடித்தால்தான் பார்க்கலாம். மிஸ்ஸை வைத்து நான்கு முறை சோதித்தோம். நான்கு முறையும் சரியான தாயின் பெயரைத்தான் மரத்தடியில் கத்தினார்கள். அதற்குள் மாதம் முடிந்து கூட்டமும் வந்தது.

பிள்ளைக்காம்பராவுக்குள் பாயில் சுமார் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். எதை மாற்றினேன் என்று விளக்க ஒரு பேச்சுத் தயாரித்து வைத்திருந்தேன். மிஸ் "இது வேணுமா, வேணாமா?" என்று கேட்டதும் முதலில் எழுந்தது அக்கா.

"இத செஞ்சது எந் தங்கச்சிங்கிறதுனால வேணும்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "வேணாம்னும் சொல்லல. இருந்துட்டுப் போகட்டும். ஆனா எம் புள்ளைக்கு மேலுக்குச் சுட்டா மெசேஜும் வரணும், ஆளும் வரணும். ரெண்டும் வரணும். மெசேஜ் மட்டும்னா எனக்கு வேணாம்."

"ஆள எங்கேருந்து அனுப்புறது?" என்றார் மிஸ்.

"அன்னைக்கு நீங்களே ஆட்டோ புடிச்சுப் போனீங்கல்ல. அப்படி மலைக்கு வந்து சொல்ல ஒரு ஆள்."

எனக்கு முகம் சுட்டது. இப்போது அது சரியாக வேலை செய்கிறது, நான்கு முறை பார்த்தாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். ஆறு போன்களை வைத்துக்கொண்டு அண்ணனிடமும் இதே குரலில்தான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன். நிழல் மரத்தை விட்டு வேறு மலைக்கு வேலை மாறினால் அந்தப் பை எங்கே தொங்கும், அங்கே போன்கள் எப்படிப் படுத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. மழை பிடித்தால் பையைக் கூடைக்குள் வைப்பார்களா என்றும் நான் கேட்டிருக்கவில்லை.

"அக்கா சொல்றது சரின்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் மிஸ்.

கைகள் எழுந்தன. மிஸ் எண்ணிக்கொண்டே வந்து கதவருகில் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். என் கையும் மேலே இருந்தது. அந்தக் கூட்டத்தில் கை தூக்க எனக்கு உரிமை உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. என் வேலைக்கு எதிராகத் தூக்கினேனா, அதற்காகத் தூக்கினேனா என்பதும் விளங்கவில்லை.

"இதையும் சேக்கவா?" என்று மிஸ் அக்காவைக் கேட்டார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். "சேத்துக்கங்க" என்றாள்.